கச்சான் ஓயும்வரை மணப்பாட்டில்

மகளுக்குப் பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. "ஒரு தடவையாவது கடல்ல படகுல போகணும்மா" என்று விடுமுறை தொடங்கிய நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். என் கல்லூரித் தோழியின் அம்மா பிறந்த ஊர் மணப்பாடு. "வீடு பெருசா கிடக்கு, பெரியம்மா மட்டும்தான் இருக்காங்க. போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாயேன்" என்றாள். கோவையிலிருந்து இரவுப் பேருந்து பிடித்துத் திருச்செந்தூர் போய் இறங்கினோம். ரெண்டு நாள் என்று போனவர்கள் ஐந்து நாள் இருந்துவிட்டுத்தான் வந்தோம். காரணம் காற்று.

திருச்செந்தூரிலிருந்து தெற்கே 18 கிலோமீட்டர். கடலோரச் சாலையில் ஆலந்தலை, கல்லாமொழி, குலசேகரன்பட்டினம் என்று ஊர்கள் வரும். கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கக் கட்டியிருக்கும் பாலம் கடலுக்குள் நீண்டு கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் மறைகிறது. குலசேகரன்பட்டினம் தாண்டியதும் பனைமரங்கள் கூடிக்கொண்டே வரும். பிறகு இடது பக்கம் திடீரென்று ஒரு மேடு. மேட்டின் மேல் வெள்ளைக் கோயில், பக்கத்தில் கலங்கரை விளக்கம், கீழே ஊர். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கருமேனியாறு வந்து சேரும் உப்பங்கழி. பேருந்து ஜன்னலிலிருந்து அந்த முதல் பார்வையிலேயே என் மகள் எழுந்து நின்றுவிட்டாள்.

பெரியம்மா எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து நுங்கு சீவிக் கொடுத்தார். மகளின் ஆசையைச் சொன்னோம். அவர் தெருமுனையில் வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டார். அறுபது வயது இருக்கும். கையில் வலைநூலோடே வந்து நின்று, வானத்தைப் பார்க்காமல் பனைமரத்தின் ஓலையைப் பார்த்தார்.

"கச்சான் பிடிச்சுட்டு தாயி. பிள்ளைய ஏத்திட்டுப் போற கடல் இல்ல இது. நாலு நாள் பொறுங்க, நடுவுல ஒரு நாள் விடியக்காலம் காத்து தணியும். அன்னிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு ஊருக்குத் திரும்பணுமே அண்ணாச்சி" என்றேன்.

"அதக் காத்துட்டதான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு வலைக்குத் திரும்பிவிட்டார்.

கச்சான், சோழகம், கொண்டல், வாடை. இந்தப் பெயர்களை நான் முதலில் தெரிந்துகொண்டது ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' வழியாக. 2004இல் வந்த நாவல். அவர் ஊரான உவரி இதே கரையில் மணப்பாட்டுக்குத் தெற்கே இருக்கிறது. மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. காற்றுக்குப் பெயர் இருப்பதைப்போலக் கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கும் நீவாடு என்று தனிப் பெயர். புத்தகத்தில் படித்தபோது அழகான சொற்களாக மட்டும் தெரிந்தன. மணப்பாட்டில் முதல் நாள் சாயங்காலம் மணல் ஊசியாக முகத்தில் குத்தியபோதுதான் அவை ஒவ்வொன்றும் ஒரு வாழ்க்கை முறையின் பெயர் என்று உறைத்தது.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையாகப் பெய்துவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் நுழையும். குற்றாலத்துக்குச் சாரல் கொடுப்பதும், முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுவதும், உடன்குடிக்கு மேற்கே குதிரைமொழித் தேரியில் செம்மண்ணை மலைமலையாகக் குவித்ததும் இந்தக் காற்றுதான். மணப்பாட்டுக்கு வந்து சேரும்போது அதில் ஈரம் இருப்பதில்லை. வேகம் மட்டும் மிச்சமிருக்கிறது.

அந்த வேகத்தை ஊர் எப்படி வாங்கிக்கொள்கிறது என்பதைப் பெரியம்மாவின் வீடே எனக்குக் காட்டியது. நூறு வருஷம் தாண்டிய வீடு. முழங்கை நீளத்துக்குக் கனமான சுண்ணாம்புக் காரைச் சுவர், பர்மா தேக்குக் கதவு. மேற்குப் பக்கத்து ஜன்னல்கள் சிறியவை, கச்சான் தொடங்கினால் ஆடி முடியும்வரை சாத்தியே இருக்கும். கடல் பார்த்த கிழக்குப் பக்கம் அகலமான வராந்தா. கொண்டல் வருகிற பக்கம் அது. அந்தப் பக்கத்து ஜன்னல் பலகைகளைச் சாய்த்து வைத்தால் வெயில் வராது, காற்று வரும்.

அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய. வளைவுகள் வைத்த முகப்பு, வண்ணக் கண்ணாடி, உயரமான தூண்கள். கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டியவை என்றார் பெரியம்மா. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் ஓடிய காலம். அவருடைய தாத்தா ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. பின்னால் எல்லைகள் வந்தன, பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன, வியாபாரம் நின்றது. பிள்ளைகள் தூத்துக்குடி, சென்னை, வெளிநாடு என்று போய்விட்டார்கள். நான் நடந்த அந்த ஒரு தெருவில் பாதிக்கு மேல் பூட்டிய கதவுகள். திருச்சிலுவைத் திருவிழா வரும் செப்டம்பரில்தான் எல்லாம் திறக்கும், 14ஆம் தேதி முடிந்து நாலு நாளில் மறுபடி பூட்டு விழும்.

மகள் அந்தக் கதவுகளின் பெயர்ப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்தபடியே வந்தாள். பர்னாந்து, ரொட்ரிகோ, கோமஸ், மிராண்டா, மச்சாடு. "இவங்க எல்லாம் தமிழ்தானே பேசுறாங்க, பேரு ஏன் இப்படி?" என்று கேட்டாள். 1530களில் இந்த முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புத் தேடினார்கள், கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பேர் அப்போது வந்தது. வீட்டுக்குத் திரும்பியதும் இன்னொன்றும் அவளுக்குச் சொன்னேன். நீ திறக்கிற ஜன்னலும், பெரியம்மா இடுப்பில் செருகியிருக்கிற சாவியும், அந்த மூலையில் நிற்கிற அலமாரியும், நீ சாப்பிடுகிற மேசையும் போர்த்துகீசியச் சொற்கள்தான். அவர்கள் போய் நானூறு வருஷம் ஆகப்போகிறது, சொற்கள் நம் வீட்டிலேயே தங்கிவிட்டன. அன்றிலிருந்து ஊர் திரும்பும்வரை, "சாவி எங்கே?" என்று நான் கேட்டபோதெல்லாம் அவள் சிரித்தாள்.

இரண்டாம் நாள் மேட்டுக்கு ஏறினோம். வெயில் ஏறும் முன் போய்விடுங்கள், அது முக்கியம். ஒன்பது மணிக்கே மணல் கொதிக்கிறது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த மகளுக்கு உள்ளங்கால் சிவந்துவிட்டது. தூரத்திலிருந்து மணல்மேடாகத் தெரிந்தாலும், கடல் பக்கம் போய்ப் பார்த்தால் அது பாறை. காற்று கொண்டுவந்து குவித்த மணல், அதிலிருந்த சிப்பித் தூளின் சுண்ணாம்பு கரைந்து இறுகி, காலப்போக்கில் கல்லாகிவிட்டது. பாறையின் வெட்டுமுகத்தில் சாய்வாக அடுக்கடுக்காகக் கோடுகள் தெரியும். பழைய மணல்மேடுகளின் சரிவுகள் அவை. அந்தக் கோடுகளில் கையை வைத்துப் பாருங்கள், என்றைக்கோ வீசிய காற்றைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

மேட்டின் மேல் இருப்பது திருச்சிலுவைக் கோயில். ஊர் மரபு இப்படிச் சொல்கிறது: 1540 வாக்கில் புயலில் சிக்கிய ஒரு போர்த்துகீசியக் கப்பல். பாய்மரம் முறிந்துவிட்டது. உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுகிறேன் என்று தலைவன் வேண்டிக்கொண்டான். கரை சேர்ந்த இடம் மணப்பாடு. அவன் நட்ட சிலுவையைச் சுற்றி 1581இல் கோயில் எழுந்தது. இந்தக் கதையிலும் காற்றுதான் முதல் ஆள்.

கோயிலைத் தாண்டிக் கடல் பக்கம் இறங்கினால் புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருட்டும் குளிர்ச்சியும். வெளியே அலை அடிக்கும் சத்தம் உள்ளே வேறு மாதிரி, யாரோ பக்கத்தில் மூச்சுவிடுவது போலக் கேட்கிறது. அங்கே ஒரு சின்னக் கிணறு. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் குடிக்கத் தகுந்த நீர் என்கிறார்கள். திருச்செந்தூர் நாழிக்கிணறு பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரைவிட எடை குறைவு. அதனால் நிலத்துக்கு அடியில் உப்புநீரின் மேலேயே மிதந்து நிற்கும். அளவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர், ஆழம் போனால் உப்பு. அந்த அளவு தெரிந்தவர்கள் தோண்டிய கிணறுகள் இவை.

சவேரியார் 1542இல் கோவாவிலிருந்து இந்தக் கரைக்கு வந்தார். பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகிற பெயர். ஆனால் அவர் இங்கிருந்து எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, 1544இல் மணப்பாட்டில் இருந்தே சிலவற்றை எழுதியிருக்கிறார். அந்த ஜூன் மாதம் வடுகர் படை கரையோர ஊர்களைச் சூறையாடியது. கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடலில் துருத்திக்கொண்டிருக்கும் பாறைகளில் ஏறி ஒளிந்தார்கள். சோறில்லை, தண்ணீரில்லை. செய்தி கேட்ட சவேரியார் உணவு ஏற்றிய இருபது தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். போர்த்துகீசியக் கடிதத்திலும் தோணியைத் தோணி என்றே எழுதியிருக்கிறார். ஆனால் போய்ச் சேர முடியவில்லை. நாள் கணக்கில் எதிர்க்காற்று. கடைசியில் தோணிகளைத் திருப்பிவிட்டுக் கரை வழியாக நடந்தே போனார்.

அந்தக் குகை வாசலில் நின்று தெற்கே பார்த்தபோது எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவில் ஓடியது. அதே மாதத்தை ஒட்டிய நாட்கள், அதே காற்று, அதே திசை. பாறைகளில் பசியோடு நிற்கும் குழந்தைகளை நினைத்துக்கொண்டு, நகராத தோணியில் ஒருவர் உட்கார்ந்திருந்த இடம் இந்தக் கடல். விடுமுறைக்கு வந்த எனக்குக் காற்று நிற்காதது ஒரு குறையாக இருந்தது. குகையிலிருந்து வெளியே வந்தபோது அந்தக் குறை இல்லை. அன்று மாலையே திரும்பும் பயணச்சீட்டை ரத்து செய்தோம்.

அந்தக் குகையைச் சுற்றி நொறுக்குத்தீனிப் பைகளும் உடைந்த கண்ணாடிப் புட்டிகளும் கிடந்ததையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம் அது. சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் ஒரு சாக்குப்பை கொண்டு போங்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் பெரியம்மா எங்களைப் பனையோலை முடைகிற ஒரு அக்கா வீட்டுக்கு அனுப்பினார். மணப்பாட்டுப் பெண்கள் ஓலைப்பெட்டிகளுக்குப் பேர்பெற்றவர்கள், கூட்டுறவுச் சங்கமாகவே சேர்ந்து வேலை செய்கிறார்கள். கதவைத் தட்டியதும், "சட்டுனு உள்ள வந்து சாத்திருங்க" என்று குரல் வந்தது. எல்லா ஜன்னலும் மூடிய அறை. ஈரத்துணி சுற்றிய ஓலைக்கட்டு மடியில்.

"கச்சானுக்கு ஓலை நிக்காது. காத்துப் பட்டா அஞ்சு நிமிஷத்துல முறுக்கிக்கும், வளைச்சா ஒடியும். அதான் விடியறதுக்கு முன்ன உக்காந்துருவேன்" என்றார்.

குருத்தோலையில் ஈர்க்கை நீக்கிவிட்டு, மீதியை ஒரே அகலத்தில் வார்ந்துகொண்டே போனார். அளவுகோல் எதுவும் இல்லை. பெருவிரல் நகம் ஓலையின் மேல் ஓடுகிறது, கீற்று பிரிந்து வருகிறது. சாயத்தில் கொதிக்கவைத்த சிவப்பும் பச்சையும் ஒரு பக்கம், வெள்ளை ஓலை ஒரு பக்கம். பெட்டியின் அடி நாலு மூலைக்கு விரிந்து, ஒரு இடத்தில் சட்டென்று மேலே மடங்கிச் சுவராக எழுகிறது. அந்த மடிப்பு எங்கே வர வேண்டும் என்பதைக் கண் பார்க்கவில்லை, விரல்தான் எண்ணியது. மகளிடம் நாலு கீற்றைக் கொடுத்து, "ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. அவ்வளவுதான் மக்கா" என்றார். ஒன்றரை மணிநேரத்தில் அவள் முடைந்தது உள்ளங்கை அளவு ஒரு பாய். அக்கா அதை வாங்கி விளிம்பை மடித்துச் செருகிக் கொடுத்தார். பிரியவே இல்லை, இப்போது எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்குக் கீழே இருக்கிறது. நான் மூடி போட்ட ஒரு பெட்டி வாங்கினேன். அக்கா சொன்ன விலை, அந்த உழைப்புக்கு முன்னால், மனசை உறுத்துகிற அளவுக்குக் குறைவு. பேரம் பேசாதீர்கள்.

தினமும் காலை கடற்கரையில் மீன் ஏலம் பார்த்தோம். ஏலம் என்ற சொல்கூடப் போர்த்துகீசியத்திலிருந்து வந்ததுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்களுக்குத் தடை இல்லை. அதனால் இந்த நாட்களில் வள்ளக்காரர்கள் கொண்டுவருவதற்கு நல்ல விலை. ஆனால் இதே நாட்களில்தான் கச்சானும் வருகிறது. நல்ல விலை கரையில் காத்திருக்க, வள்ளமும் கரையில் காத்திருக்கும். ஓடித்தான் ஆக வேண்டும் என்று சிலர் ஓடுகிறார்கள். ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து திட்டாகிவிடுவதால், திரும்பி வரும்போது அலை உடையும் அந்த இடத்தில்தான் ஆபத்து. முப்பது வயது இருக்கும் ஒருவர் நெற்றியில் தையல் தழும்பைக் காட்டினார். பேச்சைக் குறைத்துக்கொண்டு அவரிடம் அரைக்கிலோ சாளை வாங்கினோம். பெரியம்மா அதைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தார், மாங்காய் போட்டு. அந்தக் குழம்பைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.

மிச்சச் சாளையைக் கீறி உப்புப் போட்டு மாடியில் காயவைத்தார். "கச்சான்ல ரெண்டே நாள், கருவாடு கல்லு மாதிரி ஆயிரும்" என்றார். ஓலையை ஒடிக்கிற காற்று கருவாட்டைக் காயவைக்கிறது.

நான்காம் நாள் சாயங்காலம் வலைக்கார அண்ணாச்சியோடு உட்கார்ந்து பேசினேன். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் பற்றிக் கேட்டேன். 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள், 2000 ஏக்கருக்கு மேல் நிலம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவப் பாதையில் ஏவினால் இலங்கையின் மேல் போகாமல் வளைத்துக்கொண்டு போக வேண்டும், அதில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து தெற்கே நேராகத் திறந்த கடல். சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த மிச்சம் பெரிய விஷயம். எனக்கும் அது பெருமைதான். அண்ணாச்சியும் பெருமை இல்லை என்று சொல்லவில்லை.

"நல்லது நடக்கட்டும். ஆனா விடுற அன்னிக்குக் கடலுக்குப் போகாதன்னு சொல்லுவாங்கல்லா. கச்சான்ல பாதி நாள் போச்சு, வாடையில புயல்னு கொஞ்ச நாள் போச்சு. மிச்சம் இருக்கதுல ஒரு நாளு போனா அந்தக் கூலிய யாரு தருவா? அத யாராச்சும் வந்து உக்காந்து பேசணும்லா."

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இது பழகிய கதை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் நாளில் அவர்கள் கடலுக்குள் போகக்கூடாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. கூலி போகும் நாளைக் கணக்கெடுத்து, முன்கூட்டியே உட்கார்ந்து பேசி, ஈடு கொடுக்க வேண்டும். அதைச் செய்யக் கடினமான தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

ஐந்தாம் நாள் நாலரை மணிக்குக் கதவு தட்டும் சத்தம். எழுந்து வெளியே வந்தால் ஏதோ குறைகிறது. நாலு நாளாகக் காதுக்குள் இருந்த இரைச்சல் இல்லை. பனையோலைகள் அசையாமல் தொங்கின. அண்ணாச்சி வாசலில் இரண்டு உயிர்காப்புச் சட்டையோடு நின்றார். "ஏழு மணி வரைக்கும் நிக்கும். வாங்க."

வள்ளத்தில் ஏறி முகத்துவாரத்தைத் தாண்டும்போது மகள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. தாண்டியதும் கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது. கொஞ்ச தூரம் போய் எஞ்சினை நிறுத்தினார். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் ஊர் ஒரு கோடு, கோட்டின் மேல் கோயில்.

"மீன் இருக்க எடத்த மறுபடி எப்படித் தாத்தா கண்டுபிடிப்பீங்க? தண்ணில அடையாளமே இல்லையே" என்று மகள் கேட்டாள்.

"இப்ப எல்லாரும் ஜிபிஎஸ் வச்சிருக்கோம். எங்கப்பா காலத்துல கரைதான். தூரத்துல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு, ரெண்டையும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நேர் வச்சுப் பாக்கணும். அந்தப் பக்கம் இன்னொரு ரெண்டு. ரெண்டு கோடும் வெட்டிக்கிற எடந்தான் நீ நிக்க எடம்."

அவள் எழுந்து நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டாள். கோயில் உச்சிச் சிலுவையைப் பார்த்து, அதற்கு நேராக எது வருகிறது என்று தேடினாள். வள்ளம் மெல்ல நகர நகரக் கலங்கரை விளக்கம் சிலுவைக்குப் பின்னால் ஒளிந்து மறுபக்கம் வெளிவந்தது. "இங்க! இங்கதான் தாத்தா, இப்ப நேரா இருக்கு!" என்று கத்தினாள்.

அண்ணாச்சி துடுப்பால் தண்ணீரைத் தள்ளி வள்ளத்தை அங்கேயே நிறுத்தினார். "சரி. இன்னொரு ரெண்டு தேடு" என்றார்.

அவள் தெற்குப் பக்கம் திரும்பிப் பனைமரங்களை எண்ண ஆரம்பித்தாள். கன்னத்தில் மேற்கிலிருந்து லேசாகக் காற்று பட்டது.